பிஸ்தோல் பிள்ளையின் மடிக்கனம்

உலகத்தில் பயந்த சுபாவக்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் பயப்படுவதையே ஓர் உத்தியோகமாக எடுத்துக்கொண்டு, ஒரு நாள்கூட லீவு போடாமல் பார்த்தவர் எங்கள் பிஸ்தோல் பிள்ளை ஒருவர்தான். ரங்கூன் துறையில் இறங்கிய தமிழர்களில் கூலிகள் உண்டு, கணக்கெழுதும் கிராணிகள் உண்டு, ஊரில் போலீஸ்காரரைக் கைநீட்டிவிட்டு ஓடிவந்தவர்களும் உண்டு. கப்பலில் ஏறும்போதே, "இது முழுகாதுன்னு யாராவது ஒரு பொறுப்பான ஆளு வாயால சொல்லிருங்க" என்று ஏணிப்படியில் நின்று கேட்டவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

திருநெல்வேலிச் சீமைக்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். எங்களுக்கு முதலில் அவர் பிள்ளைவாள், பிறகு பிஸ்தோல் பிள்ளை, அவ்வளவுதான். பசுண்டான் கால்வாய் ஓரத்தில் இருந்த ஓர் அரிசி மில்லில் அவரும் நானும் கிராணிகள். இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்த கதை. ரங்கூனில் தெருக்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டே வந்த வெள்ளைக்காரன் பாதியில் சலித்துப்போய் நம்பர் போட ஆரம்பித்துவிட்டான். அப்படி நம்பர் விழுந்த ஒரு தெருவில், மாடியில், தமிழ்க் கிராணிகள் சேர்ந்து நடத்திய ஒரு மெஸ்ஸில் நாங்கள் இருந்தோம்.

டிராம் வந்து நின்றால் நாமெல்லாம் ஏறுவோம். பிள்ளைவாள், "நல்லா நின்னுட்டுதா?" என்று கண்டக்டரைக் கேட்டுவிட்டு ஏறுவார். பர்மாவில் சுவர்ப் பல்லி ஒன்று உண்டு. ஒரு முழ நீளம், மனிதக் குரலில் கத்தும். அது கத்தினால் இவர் எழுந்து நின்றுவிடுவார். தெருவில் நாய் படுத்திருந்தால், "கொஞ்சம் தள்ளிக்கிடுதீகளா?" என்று பன்மையில் வேண்டிக்கொள்வார். நாயும் பெரும்பாலும் தள்ளிக்கொள்ளும். மழையில் நனைந்து பாழாகிவிடக் கூடாதே என்று குடைக்கு வெள்ளை மல் துணியில் உறை தைத்து வைத்திருந்தார். மழை வந்தால் குடையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இவர் நனைவார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு பிஸ்தோல் வாங்கக் கிளம்பினார் என்றால் அதற்குப் பலமான காரணம் இருக்க வேண்டும். காரணம் ஊரில் இருந்தது. பெண்டாட்டியையும், தவழ்ந்துகொண்டிருந்த பெண் குழந்தையையும் விட்டுவிட்டு அவர் கப்பல் ஏறியவர். கிராணிச் சம்பளத்தில் ரங்கூனில் வீடு பிடித்துக் குடும்பத்தை அழைத்து வருவது நடக்காத காரியம். மெஸ்ஸிலோ பெண்வாடையே ஆகாது. ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் ஒரு நாள் சாப்பாட்டுப் பந்தியில் ஒரு சேதி சொன்னார். பிள்ளைவாளின் மகள் இப்போது நன்றாகப் பேசுகிறதாம். தகரப் பெட்டியோடு யார் வண்டியிலிருந்து இறங்கினாலும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இவுகளா எங்க அப்பா?" என்று அம்மாவைக் கேட்கிறதாம். பிள்ளைவாள் பிசைந்த சாதத்தை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

அந்தச் சமயத்தில்தான் மில் துரை அவரைக் கூப்பிட்டனுப்பினார். ஆற்றுக்கு அக்கரையில், த்வாண்டே கால்வாய்க் கரையில், மில்லுக்கு ஒரு நெல் கிட்டங்கி இருந்தது. சுற்றுவட்டாரத்து விவசாயிகளிடம் நெல் வாங்கி அங்கே அடைப்பார்கள். அந்தக் கிட்டங்கிக்கு ஒரு கிராணி வேண்டும். உத்தியோகத்தோடு ஒரு வீடும் உண்டு. தேக்குக் கால்களின்மேல் நிற்கும் நல்ல வீடு, குடும்பத்தோடு இருக்கலாம். "நெல் வரும் பருவம் நெருங்குகிறது. போகிறாயா, அல்லது வேறு ஆள் பார்க்கட்டுமா?" என்று துரை கேட்டார்.

வேறு யாராவது இருந்தால் துரை வாய் மூடுமுன் சரி என்றிருப்பார்கள். பிள்ளைவாளுக்கு வீடு ஒரு கண்ணிலும் கொள்ளைக்காரன் இன்னொரு கண்ணிலும் தெரிந்தான். ஏற்கெனவே அங்கே இருந்த கிராணி தலையில் கட்டோடு திரும்பி வந்திருந்தார். கால்வாய்க் கரையில் கொள்ளைக்காரர்கள் வளைத்துக்கொண்டார்கள் என்று அவர் சொன்னார். கள் மயக்கத்தில் படித்துறைப் பலகையிலிருந்து தலைகுப்புற விழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பிள்ளைவாள் முதல் கதையைத்தான் நம்பினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளுத்ததும் பேய்தான்.

இருந்தாலும் அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். "போறேன் துரை. ஆனா ஒரு பிஸ்தோல் வச்சிக்கிட உத்தரவு வாங்கிக் கொடுக்கணும்" என்றார். துரை சிபாரிசு செய்தார். லைசென்ஸ் கொடுக்கும் போலீஸ் அதிகாரி, ஆயுதம் எதற்கு என்று கேட்டபோது பிள்ளைவாள் பதவிசாக, "பயம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னாராம். எல்லோரும் வேட்டை, அந்தஸ்து, பரம்பரை வழக்கம் என்று ஏதேதோ சொல்லும் இடத்தில் இப்படி உண்மையைச் சொன்னவரை அந்த அதிகாரி பார்த்ததே இல்லை போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பிஸ்தோல் பார்க்கும் படலம் அன்றைக்கு ஆரம்பித்தது. பெண் பார்ப்பதற்குக்கூட எந்தத் தகப்பனும் அத்தனை நடை நடந்திருக்க மாட்டான். சூலே புத்தர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி நாகூர்ப் பக்கத்து மரைக்காயர் ஒருவர் கப்பல் சாமான் கடை வைத்திருந்தார். சங்கிலி, லாந்தர், தார்ப்பாய், வர்ணம், இவற்றோடு சர்க்கார் அனுமதி பெற்றுக் கண்ணாடி அலமாரியில் சில துப்பாக்கிகளும் வைத்திருந்தார். மில் விட்டதும் பிள்ளைவாள் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். துணைக்கு நான். தனியாகத் துப்பாக்கி இருக்கும் இடத்துக்குப் போக அவருக்குப் பயம்.

மரைக்காயர் முதலில் காட்டியது ஒரு சுழல் துப்பாக்கி. ராணுவத்திலிருந்து வந்தது, பார்த்தாலே திருடன் ஓடிவிடுவான் என்றார். பிள்ளைவாள் அதை இரண்டு கையாலும் பிரசாதம் வாங்குவதுபோல வாங்கி, வேட்டி மடிப்பில் செருகிப் பார்த்தார். செருகின பக்கமாக மனிதரே சாய்ந்தார். அடுத்தது பெல்ஜியத்தில் செய்த சின்னப் பிஸ்தோல். உள்ளங்கைக்குள் அடங்கும், ஆறு தோட்டா பிடிக்கும், வழவழவென்று அழகு. விலையைக் கேட்டதும் அதை எடுத்ததைவிட வெகு மெதுவாகக் கீழே வைத்தார். மூன்றாவது, அந்த பெல்ஜியப் பிஸ்தோலைப் பார்த்து ஸ்பெயின் தேசத்தில் செய்தது. அதே அளவு, அதே ஆறு தோட்டா, பாதி விலை. பாதி விலைக்குத் தகுந்தாற்போல் பிடியில் இருந்த திருகாணிகளில் ஒன்று மட்டும் வேறு ஜாதி.

பிள்ளைவாளின் மனம் அந்த ஸ்பெயின்காரியின்மேல் விழுந்துவிட்டது. ஆனால் விசாரணை இல்லாமல் சம்பந்தம் முடிக்க முடியுமா?

"இதுக்குத் தன்னால கோவம் கீவம் வருமா மரைக்காயரே?" என்று கேட்டார்.

"பூட்டு ஒண்ணு இருக்கு பாருங்க. அதப் போட்டுட்டா நீங்க அழுத்தினாலும் வெடிக்காது."

"போடாட்டா?"

"அழுத்தினா வெடிக்கும்."

"அழுத்தாட்டா?"

மரைக்காயர் என்னைப் பார்த்தார். நான் லாந்தரைப் பார்த்தேன். "அழுத்தாட்டா அது ஏன் பிள்ளைவாள் வெடிக்குது?" என்றார் அவர்.

"அதத்தான் நானும் கேக்கேன்" என்றார் பிள்ளைவாள்.

எவ்வளவு தூரம் சுடும் என்பது அடுத்த கேள்வி. குழல் குட்டை, அதனால் தூரத்துக்கு உதவாது, கைக்கெட்டும் தூரத்தில் ஆள் வந்தால் தப்பமாட்டான் என்று மரைக்காயர் ஒளிக்காமல் சொன்னார். பிள்ளைவாளுக்கு அது சரிப்படவில்லை. "கைக்கெட்டுற தூரத்துக்குத் திருடன் வந்துட்டான்னா நான் எங்கவே முழிச்சிருப்பேன்? மயக்கம் போட்டுல்லா கிடப்பேன்" என்று என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். வழி நெடுக இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

கடைசியில் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகு பிறந்தது பெரிய பிரச்சினை: எங்கே ஒளித்து வைப்பது? கால்சட்டை பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரனுக்கு உடம்பெல்லாம் பை. பிள்ளைவாளின் பழங்கோட்டில் பைகள் ஓட்டை, நம்பிக்கையான ஒரே பை வேட்டி மடிப்பு. பிள்ளைவாள் மடியில் செருகிக்கொண்டு கூடத்தில் நடந்து காட்டினார். நாங்கள் திருடர்களாக வேஷம் போட்டு, மூலைக்கு மூலை நின்று வழிமறித்தோம். "நில்லு" என்று நான் அதட்டியதும் அவர் சடக்கென்று உருவினார். பிஸ்தோல் வந்தது. வேட்டியும் கூடவே வந்தது. இரண்டாம் தரம் பிஸ்தோல் வரவில்லை, வேட்டி மட்டும் வந்தது. சமையற்கார ஐயர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது எப்படிப்பட்ட மெஸ் என்று எண்ணினாரோ, அன்று ரசத்தில் உப்பில்லை.

பிறகு டிபன் காரியரில் வைத்துப் பார்த்தார். அடித்தட்டில் பிஸ்தோல், மேல்தட்டில் தயிர்சாதம். மில்லுக்குப் போய்ச் சேருவதற்குள் தயிர் கீழே இறங்கி, பிஸ்தோல் ஊறிக்கிடந்தது. தலைப்பாகைக்குள் வைத்தார், குனிந்து துரைக்குச் சலாம் போடும்போது அது துரையின் மேஜைமேல் விழுந்தது. துரை அதை மரியாதையாக எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

முடிவில் வழி காட்டியவர் மரைக்காயர்தான். அவர்கள் பக்கத்து வியாபாரிகள் கைலிக்குமேல் பட்டையாகப் பச்சை நிறத்தில் ஓர் இடுப்புவார் கட்டுவார்கள். அதில் மூடிபோட்ட பைகள் இருக்கும். தம்மிடம் இருந்த ஒன்றை அவர் இவருக்குக் கொடுத்தார். பிஸ்தோல் அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த வாரைக் கட்டிக்கொண்டு பிள்ளைவாள் தெருவில் போனால் முன்பின் தெரியாதவர்கள் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்கள். பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு இவரும் "அலைக்கும் ஸலாம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

இத்தனைக்கும் பிறகு, வெளியே தெரிகிறதா இல்லையா என்ற சந்தேகம் அவருக்குத் தீரவில்லை. அதைத் தீர்த்துக்கொள்ள அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். டிராமில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், "அண்ணாச்சி, என் இடுப்புல பிஸ்தோல் இருக்கது உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்பார். அவர் தெரியவில்லை என்று சொல்லி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுவார். பிள்ளைவாளுக்குத் திருப்தி. கௌசுவே என்ற நூடுல்ஸ் பலகாரம் விற்கும் சீனனிடமும், வெற்றிலைக்காரியிடமும், ரிக்ஷாக்காரனிடமும் இதே விசாரணை நடந்தது. அந்த மாத முடிவில் ரங்கூனில் அவரிடம் பிஸ்தோல் ஒளிந்திருப்பது தெரியாதவர் யாரும் இல்லை. பிஸ்தோல் பிள்ளை என்ற பட்டம் ஊர் சேர்ந்து கொடுத்தது.

சுட்டுப் பார்க்க வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பசுண்டான் கால்வாயைத் தாண்டித் தாகேதாப் பக்கம் போனோம். அப்போது அங்கே சேறும் வயலும்தான். ஒரு பர்மியப் பெண்மணியிடம் உடைந்த தண்ணீர் ஜாடி ஒன்றைக் கேட்டு வாங்கி, வரப்பில் வைத்தோம். பிள்ளைவாள் குலதெய்வத்தை நினைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. பூட்டு எடுக்கவில்லை. பூட்டை எடுத்து மறுபடி அழுத்தினார். பட்டென்று ஒரு சத்தம். ஜாடி அசையவில்லை. அதன்மேல் இருந்த காக்கையும் அசையவில்லை. ஆனால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு துள்ளி வந்து பிள்ளைவாளின் சட்டைக் கழுத்து வழியாக உள்ளே இறங்கிவிட்டது. கொதிக்கக் கொதிக்க இருந்திருக்கும். அவர் அந்த வரப்பின்மேல் ஆடின ஆட்டத்தைக் கண்ட பிறகுதான் காக்கை பறந்தது. பெண்மணி வந்து, தன் ஜாடிக்கு ஒரு சேதமும் இல்லை என்று கண்டு, சிரித்தபடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"திருடன் மேல படுமோ என்னமோ, என் மேல தவறாம படுது" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார் பிள்ளைவாள். ஆனாலும் அவருக்கு உள்ளூரத் திருப்திதான். யாருக்கும் பெரிய கெடுதல் செய்யாத சாமான் என்று எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று ஒரு பழமொழி உண்டல்லவா? அது பிஸ்தோலுக்கும் பொருந்தும் என்று பிள்ளைவாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இதற்குமுன் அவருக்குத் திருடனிடம் மட்டும் பயம். இப்போது பிஸ்தோல் திருட்டுப்போய்விடுமோ என்ற பயமும், அது தானாக வெடித்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டன. எப்போதும் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தார். வயிற்றுவலி என்று எண்ணிச் சமையற்கார ஐயர் தினமும் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். மறுத்தால் ஐயர் கோபிப்பாரே என்று அதையும் குடித்தார்.

அப்படியாகப் புறப்படும் நாள் வந்தது. கிட்டங்கியில் உள்ள சரக்கைப் பார்த்து ஒப்படைப்பதற்காக மில்லில் என்னையும் கூட அனுப்பினார்கள். அக்கரைக்குப் போகும் லாஞ்சுப் படகில் எங்கள் பலகையில் ஒரு பர்மியப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலையில் ரோஜா நிறத் துணி, வாயில் சுருட்டு, பக்கத்தில் வெள்ளைத் துணி சுற்றிய நீள மூட்டை ஒன்று. அவர் புன்னகை செய்ததும் பிள்ளைவாள் வயிற்றை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கரை வந்ததுதான் தாமதம், உறைபோட்ட குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டிபன் காரியரைத் தூக்கிக்கொண்டு, எனக்கும் முன்னால் பலகையில் இறங்கி நடந்துவிட்டார்.

பிற்பகல் வெயில். கால்வாய்க் கரைமேல் பாதை. நான் அவருடைய தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தேன். வீட்டுச் சாவி துரை கையால் கொடுத்தது. அதை மடியில் செருகியிருந்தார். வீட்டில் எத்தனை ஜன்னல் இருக்கும், ஆச்சிக்கு, அதாவது அவர் சம்சாரத்துக்கு, அடுக்களை பிடிக்குமா, குழந்தை தண்ணீர்ப் பக்கம் போகாமலிருக்க வாசலுக்கு ஒரு படல் கட்ட வேண்டும் என்றெல்லாம் பேசிக்கொண்டே போனார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அப்போது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. திரும்பினோம். லாஞ்சில் இருந்த அதே பர்மியப் பெரியவர். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, கையை நீட்டிக்கொண்டு வந்தார். "தா! தா!" என்று கத்தினார்.

அந்தக் கணத்தில் பிஸ்தோலை உருவியிருக்க வேண்டும். அதற்குத்தானே இத்தனை நாள் ஒத்திகை? பிள்ளைவாள் டிபன் காரியரை நீட்டினார். பெரியவர் திகைத்துப்போய் வாங்கிக்கொண்டு மறுபடி, "தா" என்றார். பிள்ளைவாள் குடையைக் கக்கம் மாற்றி மாற்றி இடுக்கிக்கொண்டு கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். "தா." கடியாரத்தைக் கொடுத்தார். "தா." விரலில் இருந்த மோதிரத்தை எச்சில் தொட்டுக் கழற்றிக் கொடுத்தார். பெரியவரின் கை நிறைந்துவிட்டது. முகத்தில் ஒரே குழப்பம். இன்னும், "தா, தா" என்கிறார். பிள்ளைவாள் இடுப்புவாரின் பைமூடியைத் திறந்தார். பிஸ்தோலை வெளியே எடுத்தார். பிடிப்பக்கமாகத் திருப்பி, மிகுந்த மரியாதையோடு பெரியவரின் கையில் வைத்தார்.

"பாத்துப் பிடிங்க. பூட்டு கொஞ்சம் லொடலொடன்னு இருக்கும்" என்று எச்சரிக்கை வேறு செய்தார்.

பிஸ்தோலைப் பார்த்துப் பெரியவர் வெலவெலத்துப் போனார். ஆனாலும் அவருக்கு வேண்டியது கிடைத்தபாடில்லை. விரலை நீட்டிப் பிள்ளைவாளின் இடுப்புப் பக்கம் சுட்டிக்காட்டி, இந்தத் தரம் கெஞ்சும் குரலில், "தா" என்றார்.

பிள்ளைவாளின் கை மடிக்குப் போனது. அங்கே சாவி இருந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நாய்க்குப் பன்மை போட்ட மனிதர், டிராமைக் கேட்டு ஏறிய மனிதர், காலை அகட்டி வைத்து நின்றார்.

"எல்லாம் தந்தாச்சு. இது மட்டும் தரமாட்டேன்வே. இது என் வீட்டுச் சாவி. என் பொஞ்சாதி பிள்ளை வந்து இருக்கப்போற வீடு. கொன்னு போட்டாலும் தரமாட்டேன்" என்றார். சொல்லிக்கொண்டே கக்கத்தில் இருந்த குடையை உருவித் தலைக்குமேல் ஓங்கினார்.

துணி நழுவிக் கீழே விழுந்தது. அவர் கையில் இருந்தது குடை இல்லை. வெயிலில் பளபளக்கிற, இரண்டு முழ நீளத்துக்கு ஒரு வெட்டுக்கத்தி.

பெரியவர் கை நிறையச் சாமான்களோடு இரண்டடி பின்வாங்கினார். பிஸ்தோல் அவர் கையில் இருந்தது. அதை அவரும் மறந்துவிட்டார், இவரும் மறந்துவிட்டார். பிள்ளைவாள் அண்ணாந்து தன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். "ஐயோ, கத்தி" என்று கத்தியைப் போட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

பர்மியர் வைத்திருக்கும் நீண்ட வெட்டுக்கத்திக்கு அவர்கள் பாஷையில் 'தா' என்று பெயர். ரங்கூனில் சில வருஷம் இருந்த தமிழன் எவனுக்கும் அது தெரியும். பிள்ளைவாளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பயம் வந்தால் மனிதனுக்குத் தாய்மொழி மட்டும்தான் காதில் விழுகிறது. பெரியவர் கத்தியை ரங்கூனில் சாணை பிடித்துத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பிள்ளைவாள் அவசரத்தில் குடையை விட்டுவிட்டு அதை இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். "என் கத்தி, என் கத்தி" என்று மனிதர் கதறிக்கொண்டு ஓடிவந்தால், கத்தியைத் தவிர மற்றதையெல்லாம் இவர் தாரை வார்த்திருக்கிறார். பெரியவரின் முதுகுப்பக்கம் இடுப்பில் செருகியிருந்தது பிள்ளைவாளின் குடை. உறைகூடக் கலையவில்லை.

எனக்குத் தெரிந்த அரைகுறை பர்மியப் பேச்சில் விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் சாமான்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். பிஸ்தோலை மட்டும் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கி என்னிடம் கொடுத்தார். பிறகு கரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார். அவர் பெயர் ஊ துன். 'ஊ' என்பது பெரியவர்களுக்குப் போடும் மரியாதை. கிட்டங்கிக்கு நெல் போடுகிற விவசாயிதான். சிரித்து முடித்ததும் பிள்ளைவாளின் பெட்டியைத் தம் தோளில் வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தார். மறுநாள் அவரே மூங்கில் கொண்டுவந்து, அந்தக் கத்தியால் வெட்டி, வாசலுக்குப் படல் கட்டிக் கொடுத்தார்.

அந்த வாரமே பிஸ்தோல் மரைக்காயரிடம் திரும்பிப் போய்விட்டது. சாமான் எப்படி என்று அவர் ஆவலோடு கேட்டார். "நல்ல சாமான் மரைக்காயரே. கேட்ட உடனே எடுத்துக் கொடுக்க ரொம்ப வசதியா இருக்கு" என்றார் பிள்ளைவாள்.

அறுப்பு முடிந்த பிறகு ஒரு நாள் ஊரிலிருந்து கப்பல் வந்தது. பிள்ளைவாள் விடியற்காலையிலேயே மெஸ்ஸுக்கு வந்து என்னை எழுப்பிவிட்டார். துணைக்கு வரவேண்டும் என்றார். துறையில் கூட்டமான கூட்டம். ஆச்சி ஒரு கையில் மூட்டையும் ஒரு கையில் பெண்ணுமாக ஏணியில் இறங்கி வந்தார். ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிறு பெண் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கப்பல் ஊதியதும் அம்மாவின் சேலைக்குள் இன்னும் சுருண்டது.

பிள்ளைவாள் அந்த அழுக்குத் தரையில் குந்தி உட்கார்ந்தார். கிட்டே போகவில்லை, தூக்க முயலவில்லை. ஒரு விரலை மட்டும் நீட்டினார்.

"பயமா இருக்கா தாயீ? அப்பாவுக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார்.

பெண் சேலை மறைவிலிருந்து எட்டிப் பார்த்தது. பிறகு வெளியே வந்து, பெரிய மனுஷி மாதிரி, அந்த விரலைப் பிடித்துக்கொண்டது. கூட்டத்துக்கு நடுவே அதுதான் அவரை நடத்திக்கொண்டு போனது. நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

ரங்கூனை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகிறது. அங்கே நான் பழகிய வீரர்களும் தீரர்களும் பல பேர். அவர்கள் முகமெல்லாம் மங்கிவிட்டது. பிள்ளைவாளை மட்டும் இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது.